ஏத்தக்காரன் பொழப்பு: கோத்தகிரி ரோட்டிலிருந்து நைரோ கின்டானாவைப் பார்ப்பது

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையம் பவானிப் பாலத்திலிருந்து கோத்தகிரிக்குச் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தேன். விடியக்காலை அஞ்சரைக்குக் கிளம்பியது. குஞ்சப்பனை தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கிறேன், பின்னால் செயின் உரசும் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பையன் தாண்டிப் போனான். பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பில் கவர்மென்ட் கொடுக்கிற சைக்கிள். கியர் கிடையாது. பின்னால் கேரியரில் ஒரு துணிப்பை. காலில் செருப்பு. என்னுடையது பதினாறு கியர் வண்டி, அதன் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

கோத்தகிரி டீக்கடையில் அவனைப் பிடித்தேன். பெரியம்மா ஊட்டுக்குப் போறானாம். காரமடைப் பக்கம் வீடு, அப்பா கறிவேப்பிலைத் தோட்டத்தில் வேலை. பாலத்தைத் தாண்டும்போது மணி 5:45, இங்கே வந்து சேர்ந்தது 7:50 என்றான். 2 மணி 5 நிமிடம். எனக்கு இரண்டரை மணி நேரம். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது அவன் அப்பாவிடம் பேசினேன். பையனுக்குக் காலில் ஏதோ இருக்குதுங்க, ஒழுங்காப் பழக்கினா பந்தயத்துக்குப் போவான் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது ஒரே கேள்வி: "ஏனுங் தம்பி, இதுல பொழப்பு நடக்குங்களா?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. மூன்று மாதம் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு வார்த்தைப் பிரச்சினை. ஆங்கிலத்தில் 'கிளைம்பர்' என்று சொல்கிறார்கள். 'மலையேறி' என்று மொழிபெயர்த்தால் கயிறு கட்டிப் பாறையில் தொங்குகிறவர் ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு நம் ஊரில் மலையேறுவது சாமி, இல்லாவிட்டால் காலம். எங்கள் பக்கம் மேட்டுக்கு ஏத்தம், பள்ளத்துக்கு எறக்கம். அதனால் ஏத்தக்காரர் என்றே எழுதுகிறேன்.

சாலைச் சைக்கிள் பந்தயத்தில் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. கடைசி 200 மீட்டரில் பாய்கிறவர் வேறு, தனியாகக் கடிகாரத்தோடு ஓடுகிற டைம் ட்ரயல்காரர் வேறு, மலையில் பிரிந்து போகிற ஏத்தக்காரர் வேறு. இந்தப் பிரிவினையை உண்டாக்குவது காற்று. சமதளத்தில் ஒருவர் வேகமாகப் போகும்போது அவர் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்கிறவருக்கு அதில் கணிசமான பகுதி மிச்சம். அதனால் சமதளத்தில் பலசாலியும் சுமாரானவனும் ஒரே கூட்டமாகப் போய்ச் சேர முடியும். மேடு வந்தால் வேகம் குறைகிறது, காற்றின் பங்கு குறைகிறது, ஒளிந்துகொள்ள முதுகு இல்லை. உடம்பையும் சைக்கிளையும் அவரவர்தான் தூக்கியாக வேண்டும்.

இதைக் கோத்தகிரி ரோட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,790. தூரம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். ஆக 100 மீட்டர் போனால் சராசரியாக 4.4 மீட்டர் ஏறுகிறோம். நானும் என் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. அதை இரண்டரை மணி நேரத்தில் மேலே கொண்டுபோக நான் கொடுத்தது சராசரியாக 170 வாட், நான்கைந்து டியூப் லைட் எரிகிற அளவு. என் எடை 78 கிலோ, வகுத்தால் கிலோவுக்கு 2.2 வாட். இந்த வகுத்துவரும் எண்தான் ஏத்தக்காரரின் ஜாதகம். ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் முன்னணியில் ஏறுகிறவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் கிலோவுக்கு 6 வாட் பக்கம் தாக்குப்பிடிப்பார்கள். 60 கிலோ ஆள் ஒருவர் அந்தக் கணக்கில் விடாமல் மிதித்தால் இதே கோத்தகிரிக்கு 70 நிமிடத்துக்குள் வந்துவிடுவார். பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்தாலும் வருவார்.

பையன் கணக்குதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எடை 52 கிலோ என்றான். சைக்கிள் 20 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். அந்த நேரத்துக்கு அவன் கொடுத்தது 180 வாட்டுக்குக் கொஞ்சம் மேல், கிலோவுக்கு மூன்றரை. பயிற்சி இல்லை, கியர் இல்லை, செருப்பு. அதே உழைப்பை 8 கிலோ சைக்கிளில் கொடுத்திருந்தால் இருபது நிமிடம் முன்னாலேயே வந்திருப்பான். அந்த இருபது நிமிடத்தைத் தின்றது சைக்கிள். இதெல்லாம் தோராயம்தான், பவர் மீட்டர் வைத்து அளந்ததில்லை. ஆனாலும் பதினேழு வயதில் மூன்றரை என்பது விட்டுவிடுகிற எண் இல்லை.

எடை குறைவாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒல்லியான ஆள் எல்லாம் ஏத்தக்காரர் ஆவதில்லை. நுரையீரலும் இதயமும் ரத்தமும் சேர்ந்து எவ்வளவு ஆக்ஸிஜனைக் காலுக்குக் கொண்டுபோகும் என்பதுதான் அடிப்படை. எடை அதற்குக் கீழே இருக்கும் வகுத்தல் எண். இதில் ஒரு சின்ன அநியாயமும் உண்டு. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்கிறது. 75 கிலோ ஆளுக்கு அது உடம்பில் 9 சதவீதம். 58 கிலோ ஆளுக்கு 12 சதவீதம் கிட்ட வருகிறது.

கோத்தகிரி ரோட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. அது நல்ல ஏத்தக்காரருக்குப் போதாது! 4.4 சதவீதச் சரிவில் அந்த 60 கிலோ ஆள் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் போவார். அந்த வேகத்தில் காற்று இன்னும் நூற்றுக்கு 27 பங்கைத் தின்றுவிடும். அணியாக வருகிறவர்கள் முதுகு மாற்றி முதுகு கொடுத்து அவரைப் பிடித்துவிடலாம். சரிவு 8 சதவீதமானால் காற்றின் பங்கு பத்துக்கு இறங்குகிறது. அங்கேதான் அவர் ராஜா. பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துயெஸ் மலை 13.8 கிலோமீட்டர், 21 கொண்டை ஊசி வளைவு, சராசரி 8.1 சதவீதம். நம் ஊர் அளவு வேண்டுமென்றால், ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் போட்டு ஏறுகிறதே, அந்தத் தண்டவாளத்தின் செங்குத்தான சரிவு 12க்கு 1, அதாவது 8.3 சதவீதம். ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் சரிவில் இவர்கள் முக்கால் மணி நேரம் பந்தயம் ஓட்டுகிறார்கள். நம்மிடம் அதற்குச் சரியான ரோடு, மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போகும் கல்லட்டி. 36 வளைவு. 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சைக்கிள் பயணத்தில் வருகிறவர்கள் ராத்திரி சாப்பாட்டில் பயந்து பேசுவது அந்த ரோட்டைப் பற்றித்தான்.

சரி, பொழப்புக்கு வருகிறேன். பையனின் அப்பாவுக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த ஆள் நைரோ கின்டானா. கொலம்பியாவில் போயாகா என்ற மேட்டுநிலப் பகுதி, கோம்பிட்டா என்ற ஊர், 1990இல் பிறந்தவர். அப்பா அம்மா சின்ன விவசாயிகள், ரோட்டோரம் பழம் காய்கறி விற்றவர்கள். பள்ளிக்கூடம் 16 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க வாங்கிக்கொடுத்த மலிவான பழைய சைக்கிளில், போகும்போது எறக்கம், திரும்பும்போது ஏத்தம். பயிற்சிக்குப் போகிற பெரிய வீரர்களோடு அந்தப் பள்ளிக்கூட சைக்கிளில் ஒட்டிக்கொண்டே ஏறினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். நான் டீக்கடையில் அவனைப் பிடித்தது ஞாபகம் வந்தது.

2010இல், இருபது வயதில், இளைஞர்களுக்கான டூர் தெ லவனீர் பந்தயத்தை ஜெயித்தார். 23 வயதுக்கு உட்பட்டவர்களை ஐரோப்பிய அணிகள் எடை போட்டுப் பார்க்கிற சந்தை அது. 2012இல் ஸ்பெயினின் மொவிஸ்டார் அணி எடுத்துக்கொண்டது. 2013இல் முதல் டூர் தெ பிரான்ஸ்: கிறிஸ் ஃப்ரூமுக்கு அடுத்து இரண்டாமிடம், மலை அரசனுக்கான சிவப்புப் புள்ளிச் சட்டை, இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டை, மூன்றும் ஒன்றாக. 2014இல் இத்தாலியின் ஜீரோ பட்டம். ஸ்டெல்வியோ கணவாயில் பனி கொட்டிய நாளில், எறக்கத்தில் பந்தயம் நிறுத்தி வைக்கப்பட்டதா இல்லையா என்ற குழப்பத்துக்கு நடுவே இவர் முன்னால் போய்விட்டார் என்று சண்டை நடந்தது. மூன்று நாளில் மோன்டே கிராப்பா மலை மேல் கடிகாரத்தோடு தனியாக ஏறி ஜெயித்து வாயை அடைத்தார். 2016இல் ஸ்பெயினின் வுவெல்டா. இவ்வளவும் 26 வயதுக்குள்.

ஆனால் டூர் தெ பிரான்ஸ் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏத்தக்காரனின் பொழப்பைப் புரிந்துகொள்ள ஜெயித்த கதையைவிட இந்தத் தோற்ற கதைதான் உதவும்.

2015 டூர். ஃப்ரூம் முதலிடம், கின்டானா 1 நிமிடம் 12 விநாடி பின்னால் இரண்டாமிடம். கடைசிக்கு முந்தின நாள் ஆல்ப் துயெஸில் ஃப்ரூமை விட 1 நிமிடம் 20 விநாடி முன்னால் போய்ச் சேர்ந்தார். மலையில் அவர்தான் பெரியவர் என்று காட்டிவிட்டார். பிறகு எங்கே தோற்றார்? இரண்டாம் நாளில். நெதர்லாந்தின் கடலோரம், மேடே இல்லாத தட்டை ரோடு. பக்கவாட்டுக் காற்றில் கூட்டம் துண்டு துண்டாக உடைந்தது. பின்னால் விழுந்த துண்டில் மாட்டிக்கொண்டு 1 நிமிடம் 28 விநாடி விட்டார். மூன்று வாரப் பந்தயம், ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் எல்லாம் ஏறி இறங்கி, கடைசிக் கணக்கில் குறைந்தது ஒரு மதிய நேரத்துக் காற்றில் விட்டதைவிடக் குறைவு.

2017 ஜீரோவும் அப்படித்தான். கடைசி நாள் காலையில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சட்டை கின்டானா தோளில். டச்சுக்காரர் டாம் டுமூலின் 53 விநாடி பின்னால். அன்றைக்கு மொன்ஸாவிலிருந்து மிலானுக்கு 29.3 கிலோமீட்டர், தட்டை ரோடு, தனித்தனியாக ஓட வேண்டும். கனமான, உயரமான டுமூலினுக்கு அது வீட்டு முற்றம். கின்டானா தோற்றது 31 விநாடியில். 84 விநாடியை அரை மணி நேரத்தில் தொலைத்தார். மேட்டில் வரமாக இருந்த அதே சின்ன உடம்பு சமதளத்தில் சாபம். காற்றுக்குக் கிலோ கணக்குத் தெரியாது, வெறும் வாட்தான் தெரியும்.

ஆகவே ஏத்தக்காரரின் தொழில் மலையில் ஜெயிப்பதோடு முடிவதில்லை. மற்ற நாட்களில் தொலைக்காமல் இருப்பதும் தொழில்தான். அதற்கு ஆள் வேண்டும். டூர் தெ பிரான்ஸில் ஓர் அணிக்கு 8 பேர். அவர்களில் பலர் காற்றுக்குக் குறுக்கே நிற்க, தண்ணீர் பாட்டில் கொண்டுவர, சைக்கிள் பஞ்சரானால் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஏத்தக்காரர்களிலும் பெரும்பாலோர் அந்த வகை. தலைவருக்காக ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் ஏறிக் கொடுத்து, கால் தீர்ந்ததும் ஒதுங்கி, பத்து நிமிடம் கழித்து யாரும் பார்க்காமல் வந்து சேர்வார்கள். பையன் தொழிலுக்குப் போனால் இந்த வேலைக்குத்தான் முதலில் போவான்.

சம்பளம்? மேல்தட்டில் 18 அணி, அணிக்கு அதிகபட்சம் 30 பேர். உலகத்துக்கே ஐந்நூற்றுச் சொச்சம் வேலை. அங்கே குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 40,000 யூரோவுக்கு மேல், நம் பணத்தில் ஏறக்குறைய 40 லட்சம். நல்ல ஐ.டி. வேலைக்குச் சமம், எலும்பு உடைவது தனி. அதற்கு அடுத்த தட்டிலும் குறைந்தபட்சம் உண்டு. மூன்றாம் தட்டான கான்டினென்டல் அணிகளுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே சைக்கிளும் சட்டையும் கொடுத்துச் சோறு போட்டால் சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. இந்தியச் சாலைப் பந்தயக்காரர்களில் வெளியே போய் அதிகம் பேசப்பட்டவர் நவீன் ஜான். 2016இல் தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் ஓடியவர், ஆஸ்திரேலிய கான்டினென்டல் அணியில் இருந்தவர். அவரும் டைம் ட்ரயல்காரர், ஏத்தக்காரர் அல்ல.

கின்டானாவின் பின்பாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020இல் பிரெஞ்சு அணிக்குப் போனார். 2022 டூரில் ஆறாமிடம். அடுத்த மாதமே அது பறிபோனது: ரத்த மாதிரி இரண்டில் டிரமடால் என்ற வலி மாத்திரையின் தடயம். அப்போது அது உலக ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லை, சைக்கிள் சம்மேளனம் மட்டும் போட்டியின்போது தடை செய்திருந்தது. அவர் சாப்பிடவில்லை என்றார், விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்கவில்லை. ஓடத் தடை இல்லை, ஆனால் 2023 முழுக்க எந்த ஐரோப்பிய அணியும் எடுக்கவில்லை. 2024இல் பழைய மொவிஸ்டார் திரும்ப எடுத்தது, இந்த முறை மற்றவர்களுக்கு உழைக்கும் இடத்தில். ஏத்தக்காரர்கள் சரித்திரத்தில் மருந்து பெரிய அத்தியாயம். 1998இல் ஜீரோவையும் டூரையும் ஒரே ஆண்டில் ஜெயித்த மார்க்கோ பந்தானி அடுத்த ஆண்டே ரத்தப் பரிசோதனையில் ஜீரோவிலிருந்து வெளியேற்றப்பட்டார், 2004இல் 34 வயதில் செத்துப்போனார். பையனின் அப்பாவிடம் இதையும் சொன்னேன். சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

இங்கே ஒரு கேள்வி என்னை விடவில்லை. கொலம்பியாவிலும் மலை, நம்மிடமும் மலை. வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70, ஏற்காட்டுக்கு 20. உயரத்தில் வாழ்ந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்று ஐரோப்பிய அணிகள் டெனரிஃப் தீவின் டெய்டே எரிமலை மேல் சுமார் 2,100 மீட்டரில் ஓட்டல் எடுத்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே ஜனங்கள் சும்மாவே குடியிருக்கிறார்கள். பிறகு ஏன் அங்கே கின்டானா, இங்கே யாரும் இல்லை?

மலை காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க அது பாதிகூட இல்லை என்று தெரிந்தது. கொலம்பியாவில் நாடு தழுவிய பந்தயமான வுவெல்டா அ கொலம்பியா 1951இலேயே தொடங்கிவிட்டது. மண்ரோட்டிலும் சேற்றிலும் ஓட்டினார்கள், ரேடியோ ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1984இல் லூச்சோ எர்ரேரா என்ற தோட்டக்காரப் பையன் அமெச்சூராகப் போய் ஆல்ப் துயெஸில் ஃபின்யோன், இனோ போன்றவர்களைத் தாண்டி ஜெயித்தார். 87இல் வுவெல்டா பட்டம். அந்தக் காலத்தில் அணிக்குக் காசு போட்டது காப்பி விவசாயிகளின் கூட்டமைப்பு. காப்பி விற்ற காசில் ஏத்தக்காரர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கின்டானா பிறப்பதற்கு முன்னாலேயே அவருக்குப் பாதை போட்டாயிற்று. பின்னால் 2019இல் ஏகன் பெர்னால் டூரையே ஜெயித்து முடித்துவைத்தார்.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கோயமுத்தூரில் பந்தயக் கார் ஓட்ட என்ன இயற்கை வசதி? ஒன்றும் இல்லை. ஆனால் லட்சுமி மில்ஸ் குடும்பத்துக் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். பையன்கள் ஓட்டிப் பழக வண்டி கிடைத்தது. அந்த வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். செட்டிப்பாளையம் ஓடுதளத்துக்குக் கரிவரதன் பேர்தான். சைக்கிளுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. கியர் வைத்த பத்து சைக்கிள், மாதம் ஒரு ஏத்தப் பந்தயம், நேரம் குறிக்க ஒரு ஆள். மில்லும் பம்ப்செட் கம்பெனியும் நிறைந்த ஊரில் இது பெரிய செலவா? டீ எஸ்டேட்களைக் கேட்கலாமா என்றும் தோன்றியது. காப்பிக்காரர்கள் செய்ததை டீக்காரர்கள் செய்யட்டுமே.

ஸ்பெயினின் ஃபெடரிக்கோ பாஹாமொன்டெஸ் பற்றி ஒரு கதை உண்டு. டொலேடோ சந்தையில் வேலை பார்த்து வளர்ந்தவர், 1959இல் டூர் ஜெயித்த முதல் ஸ்பானியர். மலை உச்சிக்கு எல்லோருக்கும் முன்னால் போய், எறக்கத்தில் தனியாக இறங்கப் பிரியப்படாமல், ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தாராம். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். கோத்தகிரி டீக்கடையில் பையன் வர்க்கி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த தோரணையும் கிட்டத்தட்ட அதுதான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்நூறு வேலை, நாற்பது லட்சம், கீழ்த்தட்டில் சோறு மட்டும், உடைகிற எலும்பு, மாத்திரைக் கதை, பட்டம் வாங்கியும் ஒரு வருசம் வேலை இல்லாமல் நின்றது. பொறுமையாகக் கேட்டார். "அப்ப பன்னண்டாவது முடிக்கட்டுங்க, பாலிடெக்னிக்ல சேர்த்திட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

கிளம்பும்போது பையன் வாசல்வரை வந்தான். கல்லட்டி ரோட்டில் சைக்கிளை விடுவார்களா என்று கேட்டான். காட்டு வழி, யானை இருக்கும், தனியாகப் போகாதே கண்ணு என்றேன். என் பழைய கியர் சைக்கிள் ஒன்று மாடியில் தூசி படிந்து கிடக்கிறது, பின் பிரேக் வேலை செய்யவில்லை. சரிசெய்ய உக்கடத்தில் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.